பதினேழாம் எண்

இரண்டு வருட ஒப்பந்தம். பதினொரு பக்கம்.
ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது.
ருஸ்தாவியிலிருந்து திரையில் எட்டிப் பார்த்த அண்ணன்
கேட்டது ஒன்றுதான்:
"தொகை எங்கே இருக்கு?"
காட்டினேன்.
"அப்போ போடு கையெழுத்தை."

ஓரியாக்கில் நவம்பரிலேயே பனி.
எரிமலைக் கல்லில் கட்டிய வீடுகள்,
பகலிலும் விளக்கெரியும் சமையலறை.
காலையில் ஆறு முட்டை, பத்து மணிக்கு நாலு,
திங்கள்தோறும் தராசு.
நூற்றுப் பதினாறு. இன்னும் மூன்று கிலோ வேண்டுமாம்.
பசிக்காமல் தின்பதற்கும் சம்பளம் உண்டு என்றால்
அம்மா நம்பவில்லை.

பிரெஞ்சில் முதலில் வந்த சொற்கள்
இடது, முழங்கால், டேப், இன்னொரு தடவை.
'வலிக்கிறது' வெகுநாள் கழித்து வந்தது.
அதற்கு முன்பே வந்துவிட்டது
'ஒன்றுமில்லை'.

செப்டம்பரில் வலது காது வீங்கியது.
ஊசியால் ரத்தத்தை உறிஞ்சினார்கள், நிறைந்தது,
மறுபடி உறிஞ்சினார்கள்.
மூன்றாம் முறை நான் போகவில்லை.
இப்போது அது, பிசைந்தவர் மறந்துவிட்டுப் போன மாவு.
ஹெட்ஃபோன் அதில் நிற்காது.

சனிக்கிழமைகளில் நான் பதினேழு.
பதினைந்து பேர் ஆடுகையில்
போர்வைக்குள் முட்டியை ஆட்டிக்கொண்டிருப்பவன்.
என் இடத்தில் இருப்பவர்,
இல்லை, தன் இடத்தில்தான் இருக்கிறார்,
பஸ்தியான் ரூமெகூ. வயது முப்பத்துநாலு.
முதுகில் ஒன்று.
பேச்சு குறைவு. பேருந்தில் குறுக்கெழுத்துப் போடுவார்,
பேனாவால்.

ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.
அவருடைய வலது முழங்காலை
நான் மனப்பாடம் செய்திருந்தேன்.
எத்தனையாவது படியில் கைப்பிடியைப் பற்றுகிறார்,
எத்தனையாவது ஓட்டத்தில் கால் இழுக்கிறது.
ஞாயிறன்று, பெட்டியில் அம்மா வைத்தனுப்பிய
புனித நினோவின் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி
வீட்டார் பெயரெல்லாம் சொல்லி முடித்தபின்
ஒரு நொடி சும்மா நின்றேன்.
கேட்கவில்லை.
கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டு ஆட்டங்கள். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.

ஒன்பதாவதில், இருபத்துமூன்றாம் நிமிடம்,
அவர்மேல் யாரும் மோதவில்லை.
கால் ஊன்றிய திசை ஒன்று,
முழங்கால் போன திசை வேறு.
சத்தம் பெஞ்சுவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.
எனக்குக் கேட்கவில்லை.
நான் ஏற்கனவே எழுந்து
ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரெச்சர் என்னைக் கடந்தது.
புல்லைப் பார்த்தேன்.

முதல் ஸ்க்ரம்.
எதிரே ஒரு சமோவாக்காரன், நூற்று முப்பத்தெட்டு கிலோ,
தாடியில் யூகலிப்டஸ் தைலம்.
குனி.
பிடி.
'ஆடு' என்ற சொல் முடியுமுன்
என் தோள் வழுக்கி, முகம் சேற்றில்.
விசில். அவர்களுக்கு மூன்று புள்ளி.
மேடையிலிருந்து ஒருவர் ரூமெகூவின் பெயரைக் கத்தினார்.
கொஞ்சம் தாமதமாக இன்னொருவரும்.

இரண்டாவது, மூன்றாவது பற்றிப் பேச வேண்டாம்.

நான்காவதில்
பின்னாலிருந்தவர்களின் பாரம் இடுப்பு வழியே ஏறி
கழுத்தில் வந்து நின்றது.
நானும் நின்றேன்.
ஓரங்குலம் முன்னே போகவில்லை.
பின்னேயும் போகவில்லை.
கூட்டம் அதற்குக் கைதட்டாது.
தைலக்காரன் மட்டும் மூச்சு வாங்கியபடி
என் முகத்தை முதன்முறையாகப் பார்த்தான்.

தோற்றோம், பதினாறுக்குப் பத்தொன்பது.

சிகிச்சை அறையில் அவர், முட்டியைச் சுற்றி ஐஸ்.
ஒரு காலில் இன்னும் ஷூ. குனிய முடியவில்லை.
தாடையை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.
மண்டியிட்டேன்.
லேஸ் ஈரத்தில் இறுகிக் கிடந்தது,
பல்லால் இழுக்கப் போய், வெட்கப்பட்டு,
நகத்தால் நெம்பினேன்.
சாக்ஸையும் கழற்றினேன்.
"எத்தனை நிமிடம்?"
"ஐம்பத்தேழு."
சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்,
கட்டத்துக்குள் எழுத்து பொருந்திவிட்டதுபோல.

கார் நிறுத்துமிடத்தில் அம்மாவின் அழைப்பு.
"ஜெயிச்சியா?"
நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டேன்.
நகக்கண்ணில் அவர் ஷூவின் சேறு.
"ஆடினேன்" என்றேன்.